இடைவெளி விழுந்தால் விழுந்ததுதான்: அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் முடிவெடுக்கும் உரிமையுள்ள 29 நாடுகளின் பிரதிநிதிகளுக்கும், தென்துருவத்துக்கு மேலே செயற்கைக்கோள்களைச் சுற்றவிட்டிருக்கும் விண்வெளி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விஞ்ஞானி இல்லை. பனிப்பாறை எதையும் நேரில் கண்டதும் இல்லை. ஆனால் சில வருடங்களாக ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரவு கணினியை அணைப்பதற்கு முன்னால் தென்துருவத்தின் அன்றைய செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, நேற்றுப் பார்த்த பாறை இன்று எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். பங்குச்சந்தை பார்ப்பவர்களுக்கு ஒரு அரிப்பு இருக்குமே, அதேதான். இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். நஷ்டம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது 2025 ஜூனில்தான் உறைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பழக்கத்தில் என்னை இழுத்துவிட்டது ஏ-23ஏ என்ற பனிப்பாறை. 1986-இல் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து, அதாவது நிலத்துப் பனி கடல்மேல் நீண்டு மிதக்கும் தட்டிலிருந்து, உடைந்து வந்தது. உடைந்தபோது அதன் முதுகில் சோவியத் நாட்டின் துருஷ்னயா-1 ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்தே வந்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதுமே வெட்டல் கடலில் தரைதட்டி, முப்பது வருடங்களுக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. 2020 வாக்கில் அசைய ஆரம்பித்தது. 2024-இல் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்குப் பக்கத்தில், கடலடி மேடு ஒன்றின் மேல் உருவாகும் நீர்ச்சுழலில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவுக்கு அருகே மறுபடி தரைதட்டியது, மே மாதம் விடுபட்டது, செப்டம்பருக்குள் உடைந்தும் கரைந்தும் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு காலத்தில் கிட்டத்தட்ட 4,000 சதுர கிலோமீட்டர் இருந்த பாறை.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும்? எந்த ஒரு செயற்கைக்கோளும் இந்தக் கதையை முழுதாகப் பார்த்ததில்லை. 1986-இல் அந்தப் பாறை உடைந்தபோது மேலே சுற்றிக்கொண்டிருந்த கருவிகள் எல்லாம் எப்போதோ செத்துவிட்டன. அப்புறம் வந்தவையும் செத்துவிட்டன. 2002-இல் ஏவிய என்விசாட்டுடன் 2012 ஏப்ரலில் தொடர்பு அறுந்தது, 2014-இல் சென்டினல்-1ஏ என்ற ரேடார் செயற்கைக்கோள் வந்தது. பாறை ஒன்றுதான், பார்த்த கண்கள் எத்தனையோ. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் வந்து அதே பாறையைப் பார்த்து, "ஆமாம், இதுதான் அது" என்று உறுதிசெய்து வாங்கிக்கொண்டால்தான் இந்தக் கதை தொடர்கிறது. உங்களிடம் நான் பேச வந்தது இந்தக் கைமாற்றத்தைப் பற்றித்தான்.

பத்திரிகைகளில் வரும் பனிப்பாறைச் செய்திகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், எத்தனை லண்டன், எத்தனை நியூயார்க் என்று அளந்து போட்டுவிட்டு உலகம் மூழ்கப்போவதாக முடிப்பார்கள். ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் பனி கரைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஏறாது. பனித்தட்டிலிருந்து பாறை உடைவதும் இயல்புதான், நமக்கு நகம் வளர்ந்து வெட்டுவது போல. எது இயல்பு, எது இயல்பை மீறியது என்று சொல்லத்தான் நீண்ட காலக் கணக்கு வேண்டும். 2002-இல் லார்சன்-பி பனித்தட்டில் 3,250 சதுர கிலோமீட்டர் ஒரு மாதச் சொச்சத்தில் நொறுங்கியதே, அதற்குப் பிறகு அதன் பின்னால் நின்ற பனியாறுகள் சில எட்டு மடங்கு வேகம் வரை எடுத்தன. முட்டுக்கொடுத்திருந்த தட்டு போனதும் பின்னால் நிலத்தில் இருந்த பனி சரிய ஆரம்பித்துவிட்டது, கடல்மட்டத்தை ஏற்றுவது அந்தப் பனிதான். இந்த "எட்டு மடங்கு" எங்கிருந்து கிடைத்தது? உடைவதற்கு முன்னால் அந்தப் பனியாறுகள் எவ்வளவு வேகத்தில் ஊர்ந்தன என்று யாரோ அளந்து வைத்திருந்ததால் கிடைத்தது. அளந்தபோது அது யாருக்கும் சுவாரசியமான எண்ணாக இருந்திருக்காது.

இப்போது கடற்பனி. 1978-இன் கடைசியிலிருந்து நுண்ணலைக் கருவிகள் தென்துருவக் கடற்பனியின் பரப்பை அளந்துவருகின்றன. மேகம் மறைத்தாலும், மாதக்கணக்கில் சூரியனே வராவிட்டாலும் இவற்றுக்குக் கவலையில்லை, பனியும் நீரும் வெளிவிடும் நுண்ணலை வேறு வேறாக இருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடும். முதல் முப்பத்தைந்து வருடக் கணக்கைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. வடதுருவத்தில் பனி குறைந்துகொண்டே போக, தெற்கே லேசாகக் கூடியது. 2014 செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டி உச்சம் தொட்டது. 2016-இல் திடீரென்று விழுந்தது. 2023 பிப்ரவரியில் 17.9 லட்சம் சதுர கிலோமீட்டர், அதுவரை அளந்ததிலேயே குறைவு. அதே வருடம் குளிர்கால உச்சம் 1.696 கோடி, அதுவும் அதுவரை கண்டிராத குறைவு.

ஒரு நிமிடம் இப்படி யோசித்துப் பாருங்கள். 2015, 2016 ஆகிய அந்த இரண்டு வருடம் மட்டும் மேலே கருவி இல்லாமல் போயிருந்தால்? 2014 வரை ஒரு கருவி, 2017-இலிருந்து வேறொரு கருவி என்று ஆகியிருந்தால், இன்று என்ன விவாதம் நடந்துகொண்டிருக்கும்? பனி நிஜமாகவே விழுந்ததா, இல்லை புதுக் கருவி குறைத்துக் காட்டுகிறதா என்ற விவாதம்தான். ஒரு பக்கம் ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் எதையும் நம்பாதவர்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும்.

கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம், இதற்குச் சின்ன அளவில் ஒரு முன்மாதிரியே இருக்கிறது. 1991 டிசம்பரில் இந்தக் கடற்பனிக் கணக்கு ஒரு செயற்கைக்கோளிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. அந்த மூட்டில் இரண்டு கருவிகளின் அளவையும் ஒன்றோடொன்று எப்படிப் பொருத்தினார்கள் என்பதைப் பொறுத்து, தென்துருவக் கடற்பனி எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்ற விடையே கணிசமாக மாறியது. இதை விளக்கிய ஆய்வுக்கட்டுரை வந்தது 2014-இல். இருபது வருடங்களுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒரு தையல் அது. கருவி இருந்தும், தரவு இருந்தும், தையல் கொஞ்சம் கோணியதற்கே இந்தப் பாடு என்றால், துணியே இல்லாமல் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது?

ஓட்டை விழுந்தும் இருக்கிறது. பனியின் உயரத்தை லேசரால் அளந்த ஐஸ்சாட் 2009-இல் ஓய்ந்தது, அடுத்த ஐஸ்சாட்-2 மேலே போனது 2018 செப்டம்பரில். இடையில் விமானங்களை அனுப்பி ஒப்பேற்றினார்கள். விமானம் பறந்த கோட்டில் மட்டும்தான் கணக்கு இருக்கும், கண்டம் முழுக்க இருக்காது, ஆனாலும் அந்த விமானங்களாவது பறந்தனவே என்று நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது. பனியின் எடையை ஈர்ப்புவிசை மாற்றத்தை வைத்து அளந்த கிரேஸ் இரட்டைக் கோள்கள் 2017-இல் முடிந்து, அடுத்த ஜோடி 2018-இல் வந்தது, அங்கே ஏறக்குறைய ஒரு வருட வெற்றிடம். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் ஒரே நாளில் முடங்கியது, மாற்றாக 1சி போனது 2024 டிசம்பரில். அந்த மூன்று வருடமும் ஒரே இடத்தை மறுபடி பார்க்க எடுக்கும் நேரம் கூடிப்போனது.

பனியின் உயரத்தை ரேடாரால் அளக்கும் கிரயோசாட்டின் கதை இன்னும் வேடிக்கை. முதல் கிரயோசாட் 2005-இல் ஏவியபோதே விழுந்துவிட்டது. இரண்டாவது 2010 ஏப்ரலில் போனது, மூன்று மூன்றரை வருடம் உழைத்தால் போதும் என்று செய்தது, பதினைந்து வருடம் தாண்டியும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் வாரிசாகத் திட்டமிட்டிருக்கும் கிறிஸ்டல் 2027-க்கு முன்னால் போகாது என்கிறார்கள். அதாவது ஒரு கிழட்டு மாடு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்ற நம்பிக்கையில் முழு வண்டியையும் பூட்டி வைத்திருக்கிறீர்கள். தாங்கினால் இரண்டையும் சேர்த்து ஓட்டி ஒப்பிட்டுக்கொள்ளலாம். தாங்காவிட்டால்?

இந்த உயரக் கணக்கு ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று ஒருமுறை பென்சிலோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பனிப்பாறை நீருக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் மேலிருந்து அளக்க முடியும், மொத்தத் தடிமனை அதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். நீருக்கு மேலே தெரிவதைப் பனியின் அடர்த்தியைப் பொறுத்து ஏழிலிருந்து ஒன்பதால் பெருக்க வேண்டும். அப்படியென்றால் மேலே 10 சென்டிமீட்டர் பிசகினால் தடிமனில் 70 முதல் 90 சென்டிமீட்டர் வரை பிசகும், அதை ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரால் பெருக்கினால் பிசகே ஒரு ஏரி. இவ்வளவு நுணுக்கத்திலும் ஏ-68 பாறை தெற்கு ஜார்ஜியாவை நெருங்கிய மூன்று மாதங்களில் 15,200 கோடி டன் நன்னீரைக் கடலில் விட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்களே, அது ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் பார்த்ததால் கிடைத்த எண்.

சரி, 2025 ஜூன். நாற்பது வருடத்துக்கும் மேலான அந்தக் கடற்பனிக் கணக்கு கடைசியாகத் தொங்கிக்கொண்டிருந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வானிலைச் செயற்கைக்கோள்களில். ஜூன் கடைசியில் அறிவிப்பு வந்தது, மாத முடிவோடு தரவு நிறுத்தப்படும் என்று. சில நாள் அவகாசம், அவ்வளவுதான். கருவி கெட்டுப்போகவில்லை, மேலே நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, கீழே குழாயை மட்டும் மூடப்போகிறார்கள். அப்புறம் ஜூலை முடிவு வரை தள்ளிப்போட்டார்கள், அப்புறம் நிறுத்தவில்லை, கருவி ஓடும்வரை அல்லது 2026 செப்டம்பர் வரை தருகிறோம் என்றார்கள். இதற்கிடையில் இந்தக் கணக்கை வெளியிடும் அமெரிக்கப் பனித் தரவு மையத்தில் இருந்தவர்கள் அவசர அவசரமாக ஜப்பானின் ஆம்சர்-2 கருவியின் அளவுகளுக்கு மாறும் வேலையில் இறங்கினார்கள். ஜப்பானின் கருவி இருந்தது நம் அதிர்ஷ்டம். அதுவும் 2012-இல் மேலே போன கருவிதான்.

அந்த வாரம் நான் தினமும் பார்க்கும் வரைபடத்தின் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. ஜூன் மாதம், தென்துருவத்தில் பனி கூடும் பருவம், கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது அப்படியே பாதியில் நின்றுவிடுமோ என்று ஒரு கணம் தோன்றியது. யாரும் வேண்டுமென்றே கெடுதல் செய்ததாக நான் சொல்லவில்லை. இந்தக் கோட்டுக்குப் பொறுப்பு என்று யாரும் இல்லை, அதுதான் விஷயம். ஒரு நாட்டின் ஒரு துறை வேறு வேலைக்காக ஏவிய கருவியின் உபரியை வைத்து உலகமே துருவப் பனியை அளந்துகொண்டிருந்தது.

இங்கேதான் உங்கள் ஒப்பந்தம் வருகிறது. 1959 டிசம்பர் 1-ஆம் தேதி கையெழுத்தானது. அதன் மூன்றாவது பிரிவு என்ன சொல்கிறது? அண்டார்க்டிகாவில் கிடைக்கும் அறிவியல் கண்டறிதல்களையும் முடிவுகளையும் பரிமாறிக்கொண்டு தாராளமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. "முடிந்த அளவுக்கு" என்ற பொருளில் ஒரு சொற்றொடரும் அங்கே இருப்பது தெரியும், படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1959-இல் அளவை என்றால் நிலையத்தில் ஒருவர் உட்கார்ந்து நோட்டில் எழுதுவது. இன்று அளவை பெரும்பாலும் 700 கிலோமீட்டருக்கு மேலே இருந்து வருகிறது. ஒப்பந்தத்தின் மனசாட்சி அந்த உயரம் வரை எட்ட வேண்டாமா?

நோட்டில் எழுதியவர்களையும் குறைத்துச் சொல்லக் கூடாது. அண்டார்க்டிகாவில் பிரிட்டன் நடத்தும் ஹாலி நிலையத்தில் 1950-களின் பிற்பாதியிலிருந்து டாப்சன் கருவியை வைத்து வருடா வருடம் ஓசோனை அளந்துகொண்டே இருந்தார்கள். ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985-இல் ஓசோன் ஓட்டையைப் பற்றி எழுத முடிந்தது அந்த அலுப்பூட்டும் தொடர்ச்சியால்தான். நடுவில் யாராவது ஒரு அதிகாரி, "இத்தனை வருடம் அளந்தாயிற்றே, ஒன்றும் மாறவில்லையே, எதற்கு வீண் செலவு" என்று கோப்பை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

மேலிருந்து பார்த்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2000 மார்ச்சில் ராஸ் பனித்தட்டிலிருந்து உடைந்த பி-15, சுமார் 11,000 சதுர கிலோமீட்டர், பதிவான பாறைகளில் ராட்சதன். அதன் பெரிய துண்டான பி-15ஏ மேல் ஆய்வாளர்கள் நில அதிர்வுக் கருவியை நட்டு வைத்திருந்தார்கள். 2005 அக்டோபரில் அடார் முனைக்குப் பக்கத்தில், காற்றில்லாத அமைதியான நாளில் அது நொறுங்கியது. கருவியின் பதிவைப் பார்த்தால் அலை. எங்கிருந்து வந்த அலை? ஆறு நாளுக்கு முன் அலாஸ்கா வளைகுடாவில் அடித்த புயலின் அலை, 13,500 கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருக்கிறது. எந்தச் செயற்கைக்கோள் படமும் தனியாக இதைச் சொல்லியிருக்காது. யானைச் சீல்களின் தலையில் கருவியை ஒட்டி அனுப்புகிறார்களே, அது எனக்கு இன்னும் பிடித்த விஷயம். பனிக்கடியில் கப்பல் நுழைய முடியாத இடங்களில் அவை இரைதேடி மூழ்கும்போதெல்லாம் நீரின் வெப்பமும் உப்பும் பதிவாகும், தோல் உரிக்கும் பருவம் வந்தால் கருவி தானாக விழுந்துவிடும். சம்பளம் கேட்காத ஊழியர்கள், நிதி வெட்டு வந்தால் இவர்களுக்கும் சேர்த்துத்தான் வெட்டு.

மனிதக் கண்ணைப் பற்றியும் ஒன்று. குளிர்கால ரேடார் படத்தில் பனிப்பாறை வெளுப்பாகவும் கடல் கறுப்பாகவும் இருக்கும், குழந்தைகூடக் காட்டிவிடும். கோடையில் பாறையின் மேற்பரப்பு ஈரமானதும் அது ரேடார் அலையை விழுங்கிக் கறுத்துவிடுகிறது, காற்றடித்துக் கலங்கும் கடலோ பளிச்சென்று ஆகிவிடுகிறது. பழைய ஃபிலிம் நெகட்டிவைப் பார்ப்பது போலத் தலைகீழாக இருக்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது என் பாறை காணாமலே போய்விட்டது என்று பதறி, அதே இடத்தில் கறுப்புத் திட்டாக உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கணினி நிரல்களும் இங்கே தடுமாறும். அமெரிக்கத் தேசியப் பனி மையத்தில் பாறைகளுக்குப் பெயர் வைத்துப் பின்தொடரும் பகுப்பாய்வாளர்களின் வேலை இப்படிப்பட்டது, அவர்களை எண்ணிக்கையில் குறைத்துவிட்டு நிரல் பார்த்துக்கொள்ளும் என்று எந்த நாட்டில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பெயர் வைப்பதிலும் ஒரு ஓட்டை. நீளம் 10 கடல் மைல், அதாவது பதினெட்டரை கிலோமீட்டர், அல்லது பரப்பு 20 சதுரக் கடல் மைல் இருந்தால்தான் பாறைக்குப் பெயர் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் பட்டியலிலிருந்து போய்விடும். கப்பலுக்கு ஆபத்து அந்தப் பெயரில்லாத சின்னதுகளால்தான். 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற சுற்றுலாக் கப்பல் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. 154 பேரும் பிழைத்தது கடல் அன்று கருணை காட்டியதாலும் இன்னொரு கப்பல் எட்டிவிட்டதாலும்தான். இப்போது ஒரு பருவத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். டைட்டானிக் மூழ்கிய பிறகு வட அட்லாண்டிக்குக்கு என்று ஒரு பனி ரோந்தே ஏற்படுத்தி, செலவைக் கப்பல் நாடுகள் பகிர்ந்துகொள்ளும்படி உடன்படிக்கை செய்தார்கள். தெற்கே அப்படி ஒன்று இல்லை. ஒரு டைட்டானிக்குக்காகக் காத்திருக்கிறீர்களா என்று கேட்க நாக்கு வரவில்லை, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. புதுச் செயற்கைக்கோள் வேண்டும் என்று கேட்கவில்லை, அதை நீங்களே ஆசையாகச் செய்வீர்கள், ஏவுதளத்தில் கைதட்டல் இருக்கிறது. 2025 ஜூலையில் போன இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நிசாரைப் பாருங்கள், அண்டார்க்டிகா நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதை எப்போதும் இடது பக்கமே பார்க்கும்படி வைத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதன் திட்டமிட்ட ஆயுளும் சில வருடங்கள்தானே, அடுத்தது என்ன?

எனக்கு வேண்டியது ஒரு பக்கத்தில் அடங்கும் ஒரு அட்டவணை. கடற்பனிப் பரப்பு, பனியின் உயரம், பனியின் எடை, பனியாற்று வேகம், பாறைகளின் நடமாட்டம், இவை ஒவ்வொன்றையும் இன்று அளக்கும் கருவி எது, அது எந்த வருடம் ஓயக்கூடும், அடுத்தது எது, இரண்டும் சேர்ந்து ஓடும் காலம் எத்தனை மாதம். சேர்ந்து ஓடும் மாதங்கள் பூஜ்யமாக இருக்கும் கட்டத்தைச் சிவப்பில் போடுங்கள். வருடா வருடம் நீங்கள் கூடும் ஒப்பந்தக் கூட்டத்தில் இந்தத் தாளை ஒரு நிலையான பொருளாக வைத்து, சிவப்புக் கட்டத்துக்கு எந்த நாடு என்ன செய்யப்போகிறது என்று பெயர் போட்டு எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் தரவை நிறுத்துவதென்றால் குறைந்தது இரண்டு வருட முன்னறிவிப்பு என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். உங்கள் முடிவுகள் எல்லாம் ஒருமித்த கருத்தில்தான் எடுக்கப்படும், ஒரு நாடு தலையசைக்காவிட்டால்கூட நடக்காது என்பது தெரியும். ஆனால் மீன்பிடி ஒதுக்கீட்டில் வராத ஒற்றுமை ஒரு அட்டவணையிலாவது வரும் என்று நினைக்கிறேன், இதில் யாருக்கும் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

மேற்கு அண்டார்க்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு ஒன்று மட்டும் முழுதாகப் போனால் கடல்மட்டம் 65 சென்டிமீட்டர் ஏறும் என்கிறார்கள். அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இந்த ஐந்து அளவுகளையும் சேர்த்து வைத்துத்தான் தெரியவரும். பத்து வருடம் கழித்து எவ்வளவு பணம் கொட்டினாலும், எவ்வளவு கெட்டிக்காரக் கருவி செய்தாலும், கடந்துபோன ஒரு குளிர்காலத்தைத் திரும்பிப் போய் அளக்க முடியாது.

ஏ-23ஏ-வை நான் கடைசிவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பட்டியலில் இருந்த வரைக்கும் வாராவாரம் அதன் ஓரத்தில் உதிரும் துண்டுகளை எண்ண முயன்று தோற்றுப்போவேன். உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் வெளியானதும் அதையும் திறந்து பார்ப்பேன். அட்டவணை இருந்தால் முதலில் கிரயோசாட் வரிசையில் கடைசிக் கட்டம் என்ன நிறம் என்றுதான் தேடுவேன்.

இப்படிக்கு,
தினமும் தெற்கே எட்டிப் பார்க்கும் ஒருவர்